போலோவுக்கு எத்தனை அங்குலம்?

கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில் ஃபெராரி வரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் பக்கம் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்ற பெயருக்கு நியாயம் செய்யும் வண்டி எது என்று கேட்டால், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. என்றுதான் சொல்வேன். 2013-ல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு கியர் டி.எஸ்.ஜி. 2020-ல் எஞ்சின் 1.0 லிட்டராகச் சுருங்கித் திறன் 110 ஆனது. 2022-ல் இந்தியாவில் போலோ உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகவே இன்று ஒரு ஜி.டி. வேண்டுமென்றால் இரண்டாம் கையாகத்தான் வாங்க வேண்டும். வாங்கியவர் முதலில் கை வைப்பது சக்கரத்தில்.

15 அங்குல ரிம்மில் 185/60 டயரோடு வந்த வண்டிக்கு டயர்க்கடையில் நான்கு யோசனைகள் கிடைக்கும்: அதே ரிம்மில் 195/60, 16 அங்குலத்தில் 195/55 அல்லது 205/55, 17 அங்குலத்தில் 215/40. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. இந்த இரண்டையும் ரிம்மின் விட்டத்தையும் வைத்து முழுச் சக்கரத்தின் விட்டத்தைக் கணக்கிடலாம். பழைய விட்டத்துக்குப் பக்கத்தில் வந்தால் ‘ஓகே, போடலாம்’ என்பதுதான் பரவலான தீர்ப்பு. ஸ்பீடோமீட்டர் தப்பாது, கியர் விகிதம் மாறாது, டயர் உரசாது என்பது வாதம்.

அந்த வாதத்தைச் சோதித்துப் பார்ப்போம். கம்பெனி டயரின் விட்டம் 603 மி.மீ. 195/60 ஆர் 15 போட்டால் 615. இரண்டு சதவீதம் கூடுதல். 195/55 ஆர் 16 ஏறத்தாழ 621, மூன்று சதவீதம். 205/55 ஆர் 16 என்றால் 632; ஏறக்குறைய ஐந்து சதவீதம். 215/40 ஆர் 17? 603.8. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. விட்டம் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் 17 அங்குலம் நூற்றுக்கு நூறு வாங்குகிறது. வண்டி தயாரித்த கம்பெனியே இதே போலோ ஜி.டி.க்குப் பின்னாளில் கொடுத்த 195/55 ஆர் 16 பின்னுக்குப் போகிறது. இந்த முடிவே அளவுகோலின் மீது சந்தேகம் கொள்ள வைக்க வேண்டும். விட்டம் எளிதில் கணக்கிடக்கூடியது என்பதால் அதற்கு இத்தனை மதிப்பு. சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை எவ்வளவு உலோகம், எவ்வளவு ரப்பர் என்பதை அது சொல்லவே சொல்லாது.

ரப்பர் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் படம் மாறுகிறது. கம்பெனி டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ. 195/55 ஆர் 16-ல் 107. 215/40 ஆர் 17-ல் 86. ஒன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் இழப்பு, மற்றதற்கு இருபத்தைந்து. விட்டத்தை மாற்றாமல் ரிம்மைப் பெரிதாக்கினால் அந்த இடத்தை ரப்பர்தானே விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்தச் சாலையில் அந்த இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு என்ன வேலை? சிவகிரியிலிருந்து வாசுதேவநல்லூர் வழியாகத் தென்காசி வரை ஊருக்கு ஊர் வேகத்தடை. சிலவற்றில் வெள்ளைக்கோடு அழிந்து இரவில் தெரியாது. கரும்பு ஏற்றிய டிராக்டரை முந்த ஒதுங்கினால் தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் கூர்மையான விளிம்பு. கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகள் ஓடி ஓடி, சக்கரம் படும் இடத்தில் தார் அமுங்கிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட விளிம்பில் வேகமாக ஏறும்போது, சாலைக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவே பக்கச்சுவர் மடிந்து நசுங்குகிறது. நசுங்கும் இடத்தில் உள்ளே ஓடும் நூலிழைகள் அறுகின்றன. வெளியே ரப்பரில் கீறல்கூடத் தெரியாது. சில நாள் கழித்துப் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. ஒட்டுப் போட முடியாது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ரிம் தப்பியிருந்தால் பாக்கியம். பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றினால் வளைந்த அலாயின் உள்விளிம்பு மேலும் கீழும் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். சூடாக்கி அடித்து நேராக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். சூடும் சம்மட்டியும் பட்ட வார்ப்பு அலுமினியத்தை மலைப்பாதையில் நம்பி ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்தது தண்ணீர். இந்தப் பகுதிக்கென்று ஒரு திறனாய்வு எழுதினால் அதன் நடுப்புள்ளி இதுவாகத்தான் இருக்க முடியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலைக் கொண்டுவருகிறது. குற்றாலத்துச் சீசன் நமக்குக் கொண்டாட்டம், டயருக்குச் சோதனை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. லாரிகள் அமுக்கிய தடங்களில் அந்தத் தண்ணீர் நீளவாக்கில் தேங்குகிறது. நம் சக்கரமும் அதே தடத்தில்தான் ஓடுகிறது.

அகலமான டயர் சாலையை அதிகப் பரப்பில் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. ஆளோடு சேர்த்து முன்சக்கரம் ஒன்றின் மேல் 350 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. வகுத்தால் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 155 சதுர சென்டிமீட்டர். டயரின் அகலம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. பக்கச்சுவரின் விறைப்பால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், அவ்வளவே. அகலமான டயர் செய்வது வேறு: அந்தப் பரப்பின் வடிவத்தை மாற்றுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. காய்ந்த சாலையில் வளைவு எடுக்கும்போது இது நல்ல பலன் தரும். டயர் குறைவாகத் திருகும், ஸ்டீயரிங் சொன்ன இடத்துக்கு வண்டி உடனே திரும்பும். ஈரச்சாலையில் அதே வடிவம் பகையாகிறது. அதிக அகலத்துக்குத் தண்ணீரை ஒதுக்க வேண்டும், ஒதுக்கக் கிடைக்கும் நேரமோ குறைவு.

டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை 1963-ல் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் குழுவினர் ஒரு சூத்திரமாகத் தந்தார்கள். விமானச் சக்கரத்துக்காக எழுதியது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. அதன்படி 32 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு சுமார் 94 கி.மீ. அழுத்தம் 24-க்கு இறங்கினால் 82. பட்டன் தேய்ந்த டயரும் நன்றாகத் தேங்கிய தண்ணீரும் சேரும்போது வரும் எண் இது. இதில் அகலம் எங்கே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. பின்னாளில் காலி லாரிகள் குறைந்த வேகத்திலேயே மிதப்பதை ஆராய்ந்த ஹார்ன், டயர் சாலையைத் தொடும் பரப்பின் அகல-நீள விகிதத்தையும் சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். அந்தப் பரப்பு குட்டையாகவும் அகலமாகவும் உள்ள டயர் முன்னதாகவே மிதக்கிறது. 185-லிருந்து 195-க்குப் போவதில் இந்த இழப்பு சிறிது. நல்ல பட்டன் அதை ஈடுகட்டிவிடும். 215-ல் அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது.

17 அங்குலத்துக்கு உரிய இடம் ஒன்று உண்டு, அதை மறுக்கக் கூடாது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் போன்ற இடங்களில் குழி இல்லை, மாடு இல்லை, வேகத்தடை இல்லை. குட்டையான பக்கச்சுவர் அங்கே ஒவ்வொரு வளைவிலும் தன் தகுதியைக் காட்டும். 2010 முதல் போலோவுக்கென்றே தனிப் பந்தயத்தொடர் நடந்த நாடு இது. அந்த வண்டியின் ஆசை என்னவென்று எனக்கும் தெரியும். ஆனால் ஆண்டில் ஒரு நாள் தடத்தில் ஓட்டுவதற்காக மீதி நாளெல்லாம் நெடுஞ்சாலையில் 86 மி.மீ. ரப்பரோடு ஓட்டச் சொல்லும் வாதத்தை ஏற்க முடியவில்லை.

எடை தாங்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் அளவை அடுத்து இருக்கும் இரண்டு இலக்கம். கம்பெனி டயரில் 84, அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ. 215/40 ஆர் 17 சாதாரண வகையில் 83, 487 கிலோ. அகலமான, விலை கூடிய டயர் பழையதைவிடக் குறைவாகச் சுமக்கிறது! எக்ஸ்.எல். (கூடுதல் சுமை) வகை வாங்கினால் 87 கிடைக்கும். ஆனால் அந்தச் சுமையைத் தாங்க அதிகக் காற்று அடைக்க வேண்டும், ஏற்கெனவே விறைத்த சவாரி இன்னும் விறைக்கும். 195/55 ஆர் 16 சாதாரண வகையிலேயே 87, 545 கிலோ. குடும்பத்தோடு பழைய குற்றாலம் போய் நனைந்த துணிமூட்டையோடு திரும்பும் வண்டிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆஃப்செட் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் பரப்புக்கும் உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில். 6 அங்குல அகலமும் 40 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 7 அங்குலம், 35 ஆஃப்செட் போட்டால் சக்கரத்தின் வெளிவிளிம்பு ஏறத்தாழ 18 மி.மீ. வெளியே வருகிறது, உள்விளிம்பு 8 மி.மீ. உள்ளே போகிறது. பார்க்க மிடுக்காக இருக்கும். வீல் பேரிங் மீது விழும் பாரம் இடம் மாறும். ஆள் நிறைந்த வண்டி பள்ளத்தில் அமுங்கும்போது மட்கார்டு ஓரத்தில் உரசும். இன்னொன்றும் உண்டு. 1972-ன் ஆடி 80 முதலே ஃபோக்ஸ்வாகன் குழுமம் ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளி டயரின் நடுக்கோட்டுக்கு வெளியே விழும்படி வடிவமைக்கத் தொடங்கியது. ஒரு பக்கச் சக்கரம் ஈரத்திலும் மறுபக்கம் காய்ந்த தாரிலும் இருக்கையில் பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் இருக்க அது உதவுகிறது. சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள அந்த ஏற்பாடு கரைந்துபோகிறது. சாரல் நாளில் தார் ஓரத்தில் பிரேக் மிதிப்பவருக்குத்தான் அது முதலில் தெரியவரும்.

போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். போலோவின் கம்பெனி போல்ட்டுக்குக் கழுத்து உருண்டை. வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலானவற்றின் துளை கூம்பாகச் சரிந்திருக்கும். உருண்டைக் கழுத்தைக் கூம்புத் துளையில் இறுக்கினால் பரப்பு முழுதும் படியாது; ஒரு மெல்லிய வட்டக்கோட்டில் மட்டும் தொடும். டார்க் ரெஞ்ச் 120 நியூட்டன் மீட்டர் சரியாகவே காட்டும். ஓடத் தொடங்கியதும் அந்தக் கோடு நசுங்கி இறுக்கம் தளரும். நடுத்துளையும் அப்படித்தான்: போலோவின் ஹப் 57.1 மி.மீ.; பல கார்களுக்குப் பொதுவாகச் செய்த ரிம்களில் துளை பெரிது. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் மாட்டினால் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். அலைன்மென்ட் எத்தனை முறை பார்த்தாலும் தீராது. இந்த இரண்டையும் கேட்காமல் அலாயை மாட்டிவிடும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தது. கம்பெனி அதே வண்டிக்குக் கொடுத்த அளவில் நிற்பவருக்குப் பேச ஒரு நியாயம் இருக்கிறது. மற்றவருக்கு அது இல்லை.

205/55 ஆர் 16-ஐ நீளமாக ஆராயத் தேவையில்லை. ஐந்து சதவீத விட்டம் கூடினால் இழுவை மந்தமாகும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டும் ஆபத்தும் வருகிறது. 195/60 ஆர் 15 நல்ல டயர், சவாரி இதமாக இருக்கும். ஆனால் பக்கச்சுவர் 117 மி.மீ. ஆகி ஸ்டீயரிங் சற்றுத் தளர்கிறது. புளியரை எஸ்-வளைவில் வேகம் காட்ட விரும்பி ஜி.டி. வாங்கியவருக்கு அது சரிவராது.

ஆக, என் தீர்ப்பு 195/55 ஆர் 16. அதில் குறை இல்லாமல் இல்லை. மூன்று சதவீத விட்டம் கூடுவதால் புறப்படும்போது இழுவை ஒரு துளி குறையும். ஓடோமீட்டர் உண்மையில் ஓடியதைவிடக் குறைவாகக் காட்டும். 175 நியூட்டன் மீட்டர் உள்ள வண்டிக்கு முதல் குறை பொருட்டல்ல. மாறாக, காய்ந்த சாலையில் திருப்பம் கூர்மையாகிறது, ஈரத்தில் இழப்பது சொற்பம், பள்ளத்தைத் தாங்கும் ரப்பர் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, தரையிலிருந்து வண்டி 9 மி.மீ. உயர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐ20-க்கும் பலேனோவுக்கும் இதே அளவு வருவதால் தென்காசியிலும் திருநெல்வேலியிலும் அலமாரியில் இருக்கும். தென்மலைப் பக்கம் ஞாயிறு இரவு 17 அங்குல டயர் கிழிந்தால் அடுத்து வேண்டியது லாரி.

ரிம்மின் அகலம் 6 அல்லது 6.5 அங்குலம் போதும். ஆஃப்செட் கம்பெனி எண்ணுக்கு அருகில் இருக்கட்டும். ஜி.டி.யில் கம்பெனியே கொடுத்த 16 அங்குல ரிம் நேராக, அடிபடாமல் கிடைத்தால் புத்தம் புது அலாயைவிட அதையே எடுக்கச் சொல்வேன். போல்ட், ஹப், ஆஃப்செட் என்ற மூன்று தலைவலியும் ஒரே அடியில் தீர்கிறது. கையில் உள்ள பணம் ரிம்முக்கும் நல்ல டயருக்கும் சேர்த்துப் போதவில்லை என்றால் ரிம்மை விட்டுவிடுங்கள். பழைய 15 அங்குலத்தில் ஈரப்பிடிப்பு நல்ல புது டயர் நான்கு போட்டால், மலிவு டயர் மாட்டிய 16 அங்குல வண்டியைவிட மழையில் சீக்கிரம் நிற்கும். வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடிப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. சின்ன ஊர்க் கடைகளில் பழைய சரக்கு தங்கிவிடும்.

ஸ்டெப்னியை மறந்துவிடுகிறார்கள். நான்கும் 621 ஆகி ஸ்டெப்னி மட்டும் பழைய 603-ல் இருந்தால், பஞ்சரானது முன்சக்கரம் என்றாலும் ஸ்டெப்னியை முன்னே மாட்ட வேண்டாம். போலோவை இழுப்பது முன்சக்கரங்கள். அங்கே அளவு வேறுபட்டால் டிஃபரன்ஷியல் ஓயாமல் ஈடுகொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னே போட்டு, ஸ்டெப்னியைப் பின்னே மாட்டி, மெதுவாக அடுத்த பஞ்சர் கடை வரை ஓட்டுங்கள். போல்ட் இரண்டு வகையாக இருந்தால் ஸ்டெப்னிக்குரிய கம்பெனி போல்ட்டுகளில் ஐந்தைத் தனியாக டிக்கியில் போட்டு வையுங்கள்.