கிருபையும் தர்மகாரியமும்

தாங்கொணாத பாடுகளின் நடுவே தேவபலத்தைச் சார்ந்திருப்பதைக் குறித்துப் பிரசங்கிக்க எழும் போதகர், பெரும்பாலும் 2 கொரிந்தியர் 12:9-ஐயே எடுத்துக்கொள்கிறார். கிருபையே போதுமானது என்றும், மனித பலவீனத்தில்தான் தேவபலம் நிறைவாய் வெளிப்படும் என்றும் பவுல் பெற்ற மறுமொழி அது. அவ்வசனத்தை நாம் கையாளும் முறை தகுமா என்பதை இங்கு ஆராய விழைகிறோம்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. எர்ணாவூரில் வீடுகளுக்குள்ளும் எண்ணெய் படிந்தது. மீனவர் படகுகளில் நின்று வாளிகளால் அதை அள்ளினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்நாள்களில் அங்கு ஒரு ஜெபக்கூட்டத்தில் நாம் கேட்ட அருளுரை, "கிருபை போதும்; ஆதலால் முறையிடாதிருங்கள்" என்று முடிந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வடசென்னைக் கரையைத் தாக்கியபின் வந்த ஞாயிறுகளில் நாமும் அவ்வாறே பிரசங்கித்தோம். ஆகவே இக்குறை நம்முடையதுமாம்.

இவ்விளக்கம் முதலாவது முந்தின வசனத்தை மறந்துவிடுகிறது. முள் நீங்கும்படி பவுல் மும்முறை வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுதல் அவிசுவாசமாக எண்ணப்படவில்லை. கிருபையைப் பற்றிய மறுமொழி அதற்கே வந்தது. மேலும், தேவன் நீக்காத முள்ளையும் மனிதரின் அசட்டையால் வந்த எண்ணெயையும் ஒன்றாக்க நிருபத்தில் இடமில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 12:9-இல் கிருபை எனப்படும் கிரேக்கச் சொல் காரிஸ் என்பது. எட்டாம் அதிகாரத்தில் எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்க்கப்பட்ட காணிக்கைக்கும் பவுல் இச்சொல்லையே வழங்குகிறார். நம் பழைய திருப்புதலோ 8:7-இல் அதனைத் தர்மகாரியம் என்று பெயர்க்கிறது. பொருள் பிழையன்று, ஆயினும் இரண்டும் ஒரே சொல் என்பது தமிழ் வாசகருக்கு மறைந்துபோகிறது. தூனாமிஸ் என்னும் சொல்லும் அவ்வாறே. 1:8-இல் பவுல் தம் பலத்திற்கு மிஞ்சிய பாரத்தால் அழுந்துகிறார். 8:3-இல் கொடிய தரித்திரத்திலிருந்த மக்கெதோனியச் சபைகள் தங்கள் பலத்திற்கு மிஞ்சிக் கொடுக்கின்றன. 12:9-இல் அதே சொல் தேவபலத்தைக் குறிக்கிறது. சுமப்பவனின் பலம் தீருமிடத்தில் தேவபலம் சபையின் கைகள் வழியாகவும் வருகிறது என்பதே இதன் பொருள்.

10 முதல் 13 வரையுள்ள அதிகாரங்கள் வேறொரு நிருபத்தைச் சேர்ந்தவை எனக் கருதும் அறிஞர் உளர். அதனை ஏற்பினும், ஒரே அப்போஸ்தலர் ஒரே சபைக்கு எழுதிய சொற்கள் இவை என்பது மாறாது.

எனினும், உதவியால் தீராத துயரமும் உண்டு. பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த தாய்க்கு எந்தக் காணிக்கையும் ஈடாகாது. அங்கே கிருபையன்றி நமக்கு வேறு சொல் இல்லை. ஆனால் பவுல் அவ்வார்த்தையைத் தமது முள்ளைக் குறித்தே சாட்சியாகக் கூறினார். பிறர் முள்ளைக் குறித்தன்று. துன்புறுவோர் தாமே அதைச் சொல்லும் நாள்வரை, அவர்களோடு வாளி பிடிப்பதும் அவர்கள் முறையீட்டுக்குத் துணைநிற்பதும் போதகரின் கடன். அப்படிச் செய்யாதவர் அவ்வசனத்தைப் பிரசங்கபீடத்திற்குக் கொண்டுபோகாதிருப்பாராக.