இஞ்ச் டேப்பும் நாலு ஆப்பும்: ஆன்லைன் ஜீன்ஸ், ஒரு சோதனை

நெய்வேலியில் இருந்துகொண்டு ஆப்பில் ஜீன்ஸ் வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. மெயின் பஜாரில் ஜவுளிக்கடைகள் உண்டு. ஆனால் கேட்ட ஃபிட்டில் நம் இடுப்பு அளவும் இருந்தால் அது அதிர்ஷ்டம். கடலூர் லாரன்ஸ் ரோடு, பாண்டிச்சேரி நேரு வீதி என்று போனால் ரகம் கிடைக்கும், லீவு நாள் ஒன்று போய்விடும். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவரை அதற்காக எழுப்பிக் கிளப்ப முடியுமா? போனை எடுத்துவிடுகிறோம். மிந்த்ரா, அஜியோ, ஃபிளிப்கார்ட், அமேசான் நான்கையும் இந்த ஒரு வேலைக்காக வைத்துப் பார்த்தேன். ஆஃபர், டெலிவரி வேகம் பற்றி இங்கே பேச்சில்லை. வந்த ஜீன்ஸ் இடுப்பில் ஒழுங்காக நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில், ‘உங்களுக்கு இந்த சைஸ்’ என்று ஆப் தானாகச் சொல்லும் வசதி. நாம் முன்பு வாங்கியது, திருப்பி அனுப்பியது, அதே பிராண்டை மற்றவர்கள் வாங்கியது எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. மிந்த்ராவின் பொறியாளர்கள் 2017லேயே இந்தக் கணக்கை ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனால் நம் வீடுகளில் ஒரே அக்கவுன்ட்டில் அப்பாவுக்கு, மகனுக்கு, தீபாவளிக்கு மச்சானுக்கு என்று எல்லோருக்கும் ஆர்டர் போகிறது. மூன்று இடுப்பைப் பார்த்துக் குழம்பிய கணக்கு எந்த இடுப்புக்குப் பதில் சொல்லும்? தனி அக்கவுன்ட், அதிலும் ஒரே பிராண்டைத் திரும்பத் திரும்ப வாங்குபவர் என்றால் நம்பலாம். மற்றவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

அடுத்தது சைஸ் சார்ட். இந்தச் சோதனையில் எனக்கு உண்மையிலேயே உதவியது இதுதான். பலரும் இதைத் திறப்பதே இல்லை. திறப்பவர்களும் தப்பான வரியைப் படிக்கிறார்கள். மிந்த்ராவிலும் அஜியோவிலும் பெரும்பாலான ஜீன்ஸுக்கு இரண்டு விதமான அளவுகள் இருக்கும். ‘டு ஃபிட் வெய்ஸ்ட்’ என்பது நம் உடம்பின் அளவு. வெறும் ‘வெய்ஸ்ட்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் தைத்து முடித்த பேன்ட்டின் அளவு. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது. உடம்பை அளக்கும்போது மூச்சை உள்ளே இழுத்து நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்வோம். பேன்ட் பொய் சொல்லாது.

பீரோவில் உங்களுக்குச் சரியாக இருக்கும் ஜீன்ஸ் ஒன்று கட்டாயம் இருக்கும். பட்டன் போட்டுத் தரையில் விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவுங்கள். இடுப்புப் பட்டியின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒன்றின் மேல் ஒன்று வரட்டும். குறுக்கே டேப் வைத்து வந்ததை இரட்டித்தால் இடுப்பளவு. இரண்டு காலும் பிரியும் இடத்தில் நான்கு தையல்கள் கூடும் புள்ளி தெரிகிறதா? அங்கிருந்து முன்பக்கமாக மேல் விளிம்பு வரை அளந்தால் ரைஸ். அதே புள்ளிக்கு ஒரு இஞ்ச் கீழே குறுக்கே அளந்து இரட்டித்தால் தொடை. உள்தையல் வழியாகக் கீழே இறங்கினால் கால் நீளம். நான்கு எண்களையும் போனில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கில் ஆண்கள் கண்டுகொள்ளாமல் விடுவது ரைஸ். லேசாகத் தொப்பை வைத்தவருக்கு ரைஸ் 9 இஞ்ச்சுக்குக் கீழே போனால் பட்டி தொப்பைக்கு அடியில் நழுவும். பைக்கில் உட்கார்ந்தால் பின்னால் சட்டையும் ஏறிக்கொள்ளும். பத்து இஞ்ச்சுக்கு மேல் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பெண்கள் ஜீன்ஸில் இடுப்பைவிட ஹிப் அளவுதான் முடிவு செய்கிறது. அங்கே பொருந்திவிட்டால் இடுப்பை டெய்லர் பார்த்துக்கொள்வார்.

லேபிளில் இருக்கும் எண்ணை ஏன் நம்பக் கூடாது? ஒரு கம்பெனியின் 34 என் டேப்பில் 35½ காட்டியது. இன்னொன்றின் 34 ஏறக்குறைய 34தான். இது நம் ஊர்க் கோளாறு இல்லை. 2010ல் அமெரிக்காவின் எஸ்கொயர் இதழுக்காக ஒருவர் கடை கடையாகப் போய் 36 சைஸ் பேன்ட்களை அளந்தார். ஓல்டு நேவியின் 36, டேப்பில் 41 இஞ்ச் வந்தது. வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று எண்ணைக் குறைத்துப் போடுவது பழைய வியாபாரத் தந்திரம். இந்திய உடம்புக்கென்று தனி அளவுமுறை கொண்டுவர மத்திய ஜவுளித் துறையும் நிஃப்ட் நிறுவனமும் 2018ல் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தை அறிவித்தன. 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது திட்டம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங் என்று அறிவித்த ஆறு நகரங்களில் சென்னை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கியவர்கள் போடும் போட்டோக்களை விட்டுவிடாதீர்கள். ஆறடி மாடல் மேல் ஜீன்ஸ் எப்படி நிற்கிறது என்பது நமக்கு எதற்கு? வீட்டுக் கண்ணாடி முன் நின்று ஒருவர் எடுத்த போட்டோவும், ‘உயரம் 5 அடி 6, எடை 74, சைஸ் 34 சரியாக இருக்கு’ என்ற ஒரு வரியும் அதைவிட மேல். நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். டெலிவரி பையன் லேட்டாக வந்ததற்கும் ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

துணி விவரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 98 சதவீதம் காட்டன், 2 சதவீதம் எலாஸ்டேன் என்றால் கொஞ்சம் இழுக்கும். பீரோ ஜீன்ஸின் அளவோ அரை இஞ்ச் குறைவோ எடுக்கலாம். முழுக் காட்டன் என்றால் குறைத்து எடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் இங்கே கனத்த டெனிம் போட்டுக்கொண்டு நடப்பது தண்டனை. 10 அவுன்ஸுக்குள் கிடைத்தால் நல்லது. எடையைச் சொல்லும் விற்பனையாளர்கள்தான் குறைவு.

ஜீன்ஸின் பிறந்தநாள் என்று சொல்லப்படுவது 1873 மே 20. பேன்ட் பையின் மூலைகளில் செம்பு ரிவெட் அடிப்பதற்கு ஜேக்கப் டேவிஸ், லீவை ஸ்ட்ராஸ் இருவருக்கும் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்த நாள். உடல் உழைப்பாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் போட்டால் கிழியாத பேன்ட் வேண்டும் என்பதுதான் நோக்கம். நம் நெய்வேலியின் முதல் சுரங்கத்தை நேரு தொடங்கி வைத்ததும் ஒரு மே 20தான், 1957ல். இதில் பெரிய அர்த்தம் ஒன்றுமில்லை, சுரங்க ஊர்க்காரனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த டேவிஸ் ரீனோ என்ற ஊரில் ஒரு டெய்லர். அரவிந்த் மில்ஸ் 1990களின் நடுவில் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று விற்றதும் டெய்லரை நம்பித்தான். டெனிம் துணி, ஜிப், ரிவெட், லேபிள் எல்லாம் ஒரே பாக்கெட்டில் வரும். ஊர் டெய்லர் நம் அளவுக்குத் தைத்துக் கொடுப்பார். அது போய் ரெடிமேட் வந்து, ரெடிமேடும் போய் ஆப் வந்துவிட்டது. கடைசி இரண்டு இஞ்ச்சுக்கு இன்றைக்கும் டெய்லரிடம்தான் நிற்கிறோம். ஆன்லைனில் வரும் ஆண்கள் ஜீன்ஸில் கால் நீளம் பெரும்பாலும் 32 இஞ்ச்சுக்குக் குறைவதில்லை. நம்மில் பலருக்கு 29, 30 போதும். அதனால் நீளம் கூடியிருக்கிறது என்று ரிட்டர்ன் போடாதீர்கள். தொடையிலோ ரைஸிலோ தப்பு என்றால் மட்டும் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். அவற்றை எந்த டெய்லராலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. ரிட்டர்னுக்குக் கட்டணம் உண்டா என்பதை ஆர்டர் போடும்போதே பார்த்துவிடுங்கள். முகவரியில் வட்டம், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர் மூன்றும் இருக்கட்டும். எடுக்க வருபவர் ஆர்ச் கேட்டில் நின்று போன் அடிக்க வேண்டியிருக்காது.

மொத்தத்தில் சைஸ் பரிந்துரைக்குப் பத்துக்கு நான்கு, வாங்கியவர் போட்டோவுக்கு ஏழு, பேன்ட் அளவு போட்ட சைஸ் சார்ட்டுக்கு எட்டு. பேன்ட் அளவே போடாத பக்கத்தில், எந்த ஆப்பாக இருந்தாலும், வாங்காதீர்கள். டேக்கைக் கிழிக்கும் முன் வந்த ஜீன்ஸையும் தரையில் விரித்து அளந்துவிடுங்கள். சரி என்றால் ஒரு தடவை துவைத்துக் காயவைத்த பிறகே டெய்லரிடம் கொண்டுபோங்கள். முன்சுருக்கம் செய்த துணியும் 3 சதவீதம் வரை சுருங்கலாம். 30 இஞ்ச் காலில் அது கிட்டத்தட்ட ஒரு இஞ்ச்.