‘ஜனநாயகவாதி’: எல்லைப்புற வழக்கில் ஒரு சொல்லின் பொருள்நிலை

ஆங்கிலத்தில் வழங்கும் ‘டெமாக்ரட்’ என்னும் சொல்லுக்கு மக்களாட்சியை ஆதரிப்பவர் என்பது பொதுப்பொருள். முதலெழுத்தைப் பெரிதாக எழுதினால் அது அமெரிக்கக் கட்சியொன்றைச் சார்ந்தவரைக் குறிக்கும். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஆதலின் கொள்கையாளரை ‘ஜனநாயகவாதி’ என்றும் கட்சி சார்ந்தவரை ‘ஜனநாயகக் கட்சியினர்’ என்றும் தமிழ் பிரித்து வழங்குகிறது. இப்பிரிப்பு எங்கும் ஒரே தன்மையில் நிலைபெறுவதில்லை என்பதற்குக் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்கள் சான்றாகின்றன.

தமிழும் மலையாளமும் புழங்கும் இப்பகுதியில் வடசொல் ஒன்றே இருபொருள்பட நிற்பது இயல்பு. தமிழின் ‘ஜனநாயகம்’ மலையாளத்தில் ‘ஜனாதிபத்யம்’ ஆகிறது. ஜனநாயகவாதி ‘ஜனாதிபத்யவாதி’ ஆகிறார். தமிழில் ‘ஜனாதிபதி’ நாட்டின் தலைவரைக் குறித்து வழங்கிய சொல்; இலங்கைத் தமிழில் இன்றும் அதுவே வழக்கு. எனவே மலையாளச் சொல்லைத் தமிழ்ச் செவியால் கேட்பவர், மக்களின் ஆட்சி என்பதைத் தலைவரின் ஆட்சி எனக் கொள்ள இடமுண்டு. ‘ஏகாதிபத்தியம்’ தமிழில் பிறநாட்டை அடக்கியாளும் வல்லரசுக் கொள்கை. மலையாளத்தில் அதே சொல் தனியொருவரின் சர்வாதிகாரம். ‘நாயகம்’ தலைமையையும் ‘ஆதிபத்யம்’ மேலாண்மையையும் உணர்த்துவதால், மொழிபெயர்ப்பில் சொல்லை மட்டும் எழுத்துப்பெயர்த்தல் போதாது என்பது தெளிவு.

கேரளத்தின் இடதுசாரி முன்னணி, ஐக்கிய முன்னணி ஆகிய இரண்டின் பெயர்களிலும் ‘ஜனாதிபத்ய’ என்னும் அடை உண்டு. எதிரெதிர் அணிகள் இரண்டும் ஒரே அடையைத் தாங்குவதால் அது கொள்கையை வேறுபடுத்தும் ஆற்றலை இழந்து, பெயரின் உறுப்பாக மட்டும் எஞ்சுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தால் நேர்ந்த பொருட்குறுக்கம் இங்கு முன்னணிப் பெயரால் நேர்ந்துள்ளது எனலாம்.

இச்சொல்லின் உண்மைப் பொருளை வரலாறே சோதித்துள்ளது. 1938ஆம் ஆண்டு திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பொறுப்பாட்சி கோரியது. மலையாளத்தில் இக்கோரிக்கை ‘உத்தரவாத பரணம்’ எனப்பட்டது. தமிழில் உத்தரவாதம் உறுதிமொழியைக் குறிக்க, மலையாளத்தில் அது பொறுப்பைக் குறிக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நெய்யாற்றின்கரையில் கிளர்ச்சியாளர் மீது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. அவ்வியக்கத்தின் தலைவர் பட்டம் தாணுப்பிள்ளை. அவரே 1954இல் பிரஜா சோசலிஸ்டுக் கட்சியின் முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்ப்பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரிப் போராடியோர் மீது ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது. அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்றார். கோரிக்கையாளராக நின்றபோது எளிதில் பொருந்திய பெயர், அதிகாரம் கைவந்தபின் ஐயத்திற்கு உள்ளாயிற்று. பெயருக்குரிய பொருளைக் காத்தவர் தம் கட்சிக்கு எதிராகவே பேச வேண்டியிருந்தமை இங்குக் கருதத்தக்கது.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. இணைப்புக் கோரிக்கையில் இடம்பெற்ற நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பெரும்பான்மையின் முடிவால் எல்லை வகுக்கப்படலாம். எல்லைக்குள் அகப்பட்ட சிறுபான்மையின் மொழியுரிமை அதனால் முடிந்துவிடுவதில்லை. அவ்வாண்டில் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது.

‘வாதி’ என்னும் ஈறு கொள்கையை எடுத்துரைப்பவரைக் குறிக்கும்; வழக்குமன்றத்தில் அதுவே வழக்குத் தொடுப்பவரைக் குறிக்கும். மெய்ப்பிக்கும் கடமை இருவர்க்கும் உண்டு. ஆதலின் ‘ஜனநாயகவாதி’ என்பதற்கு மக்களாட்சியை ஆதரிப்பவர் எனப் பொருள் கூறி அமைவது குறைவுடையது. தம்முடன் உடன்படாச் சிறுபான்மையின் குரலுக்கும் ஆட்சியில் இடம் தருபவர் என்னும் பொருட்கூறும் அகராதியில் இடம்பெறுதல் வேண்டும். எல்லைப்புறச் சிற்றூர்களின் பட்டறிவு வலியுறுத்துவது இதுவே.