கோபுரத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஜீரோ ஏ.டி.க்கு ஒரு தமிழ் மாட்

சிவிலைசேஷன் 7 விளையாட்டு 2025 பிப்ரவரியில் வந்தபோது நம்ம ஆட்கள் பலருக்கு ஒரே குஷி. சோழர்கள் இருக்காங்க! இருக்காங்கதான், ஆனால் எந்தக் காலத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த விளையாட்டில் பழங்காலம் என்றால் மௌரியர். சோழர் வருவது அதற்கடுத்த கடலோடும் யுகத்தில். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் 2022-இல் சேர்த்த 'திராவிடர்'களும் இதே கதைதான். உருமி வீரர், திரிசடைக் கப்பல், ராஜேந்திரன் படையெடுப்பு என எல்லாமே இடைக்காலம். விதிவிலக்காக இம்பரேட்டர் ரோம் (2019) இருக்கிறது. கி.மு. 304-இல் தொடங்கும் அதன் வரைபடத்தில் இந்தியா முழுக்க உண்டு, தமிழ் அரசுகளும் உண்டு. ஆனால் தயாரித்த கம்பெனியே 2021-இல் அதை நிறுத்திவிட்டது. இப்போது 'இன்விக்டஸ்' என்ற மாட் செய்யும் ரசிகர்கள்தான் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, இந்த விளையாட்டுகளில் தமிழனுக்கு இடைக்காலம் உண்டு, பழங்காலம் கிடையாது, அல்லது ஓரமாக உண்டு. வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அப்படிச் செய்யக் கிளம்புகிறவர்கள் என்ன உதவி கேட்கிறார்கள், உண்மையில் அவர்களுக்கு எந்த உதவி தேவை என்பது பற்றித்தான் இந்தக் குறிப்பு. இரண்டும் வேறு வேறு என்பது என் கட்சி.

எடுத்துக்கொள்ளும் விளையாட்டு ஜீரோ ஏ.டி. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2001-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு ஒரு மாட் செய்யலாம் என்று ஆரம்பித்து, பிறகு தனி விளையாட்டாகவே வளர்ந்தது. 2009-இல் நிரலைத் திறந்துவிட்டார்கள். இலவசம், கட்டற்றது, பழைய லேப்டாப்பிலும் தட்டுத் தடுமாறி ஓடும். இப்போதுள்ள முதல் பாகத்தின் காலம் கி.மு. 500 முதல் கி.மு. 1 வரை. (ஜீரோ ஏ.டி. என்று ஒரு வருஷமே கிடையாது. தெரிந்தேதான் அந்தப் பெயர்.) இந்தியாவின் சார்பில் மௌரியர் இருக்கிறார்கள்: சந்திரகுப்தர், சாணக்கியர், அசோகர் மூன்று பேரும் நாயகர்கள், மரம் சுமக்கும் வேலைக்கார யானை, நட்டுவைக்க அசோகர் தூண். இதன் வெளியீடுகளுக்கு அகரவரிசையில் பெயர் வைப்பது வழக்கம். 2014-இல் வந்த 16-ஆவது ஆல்ஃபாவின் பெயர் 'பதஞ்சலி'. சிதம்பரத்துக்காரர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். தில்லையில் கூத்தைப் பார்க்கக் காத்திருந்தவர் என்று அவர்கள் சொல்லும் பதஞ்சலி இவராகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அது பெரிய வழக்கு.

சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவர் இதற்கு மூவேந்தர் மாட் செய்ய ஆரம்பித்திருக்கிறார். அவர் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி இந்த ரகம்: "அண்ணா, மாட் லோட் ஆக மாட்டேங்குது", "புது யூனிட் வந்தா கேம் க்ராஷ் ஆகுது". இதெல்லாம் கேட்டால் கிடைத்துவிடும் உதவி. மாட்.ஜேசன் கோப்பில் 'டிபெண்டன்சீஸ்' என்ற இடத்தில் எந்த வெளியீட்டுக்கான மாட் என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் ஓட்டுவது எந்த வெளியீடு என்று முதலில் பாருங்கள். 26-க்குச் செய்ததை 27-இல் போட்டால் முரண்டு பிடிக்கும். அடுத்து, லாக்ஸ் ஃபோல்டரில் மெயின்லாக், இன்ட்ரஸ்டிங்லாக் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். உதவி கேட்கும்போது அதையும் சேர்த்து அனுப்பினால் பத்து நிமிஷத்தில் பதில் வரும். "ஒர்க் ஆகல" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. புது வீரனை முதல் வரியிலிருந்து எழுதவும் வேண்டாம். எக்ஸ்எம்எல்-இல் 'பேரன்ட்' என்று ஏற்கெனவே உள்ள ஈட்டிக்காரனைச் சுட்டிவிட்டு, மாறுவதை மட்டும் எழுதினால் போதும்.

பிரச்சினை அவருடைய கடைசிக் கேள்வியில்தான் இருந்தது: "கோபுரம் மாடல் ஃப்ரீயா எங்கயாவது கிடைக்குமா?"

இந்த விளையாட்டில் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் 'வொண்டர்' என்று ஒரு மாபெரும் கட்டடம் தேவை. சிதம்பரத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறந்தாலே கோபுரம் தெரியும். கை அங்கேதான் போகும். ஆனால் அந்த நான்கு கோபுரங்களும் 12-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுந்தவை. விளையாட்டு முடியும் காலத்துக்கும் அவற்றுக்கும் நடுவே ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. நம்ம ஊர்ப் பக்கமே, விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்வித்தேன் என்று பெருமையாகச் சொல்கிறான். அதாவது அதற்கு முன்னால் கட்டியதெல்லாம் செங்கலும் மரமும்தான். கி.மு. 3-ஆம் நூற்றாண்டுத் தமிழ் ஊரில் கருங்கல் கோபுரம் வைப்பது, அலெக்சாண்டர் படையில் பீரங்கி வைப்பது போல. பீரங்கி வைத்தால் உலகமே சிரிக்கும். கோபுரம் வைத்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்பதுதான் இதில் வருத்தம். வெளிநாட்டுக்காரனுக்கு அது தெரியாது. நமக்கோ அது பெருமையாக இருக்கிறது.

இந்தக் கழித்தல் வேலை கட்டடத்தோடு நிற்காது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் பஸ் ஜன்னலில் தெரிவதை வைத்து வரைபடம் செய்யப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையோரச் சவுக்குத் தோப்பை அழியுங்கள். அது 19-ஆம் நூற்றாண்டில் நட ஆரம்பித்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியை அழியுங்கள். அது பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. வீராணம் ஏரி 10-ஆம் நூற்றாண்டு, அதுவும் போகட்டும். பனை இருக்கட்டும். பிச்சாவரத்துச் சதுப்பு மரங்கள் இருக்கட்டும், அதில் முக்கியமாகத் தில்லை மரம். ஊருக்கே அந்த மரத்தின் பெயர்தான், ஆனால் இந்த விளையாட்டுக்காக அந்த மரத்தை ஒரு பிளெண்டர் மாடலாகச் செய்து தரவேண்டும் என்று யாரும் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டதெல்லாம் கோபுரம்.

சரி, அப்போ மிஞ்சுவது என்ன? நிறையவே இருக்கு. கடலூர் சிப்காட்டை ஒட்டிய காரைக்காடு, குடிகாடு பகுதியில் 1966-67-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். ரௌலட்டட் பானை ஓடுகள், ஆம்ஃபோரா சாடித் துண்டுகள், மணிகள் கிடைத்தன. இன்று ரசாயன ஆலை வாசம் வீசும் இடத்தில் அன்றைக்கு மணி செய்திருக்கிறார்கள். 2024-இல் மாநிலத் தொல்லியல் துறை பண்ருட்டி வட்டம் மருங்கூரில் அகழாய்வு தொடங்கியது. கடலூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் அரிக்கமேடு.

அரிக்கமேட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் விளையாட்டின் சட்டகம் எங்கே நம்மைத் தவறாக இழுக்கும் என்பது அங்கேதான் தெரிகிறது. 1945-இல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர், அதை 'இந்தோ ரோமன்' வணிக நிலையம் என்றார். இத்தாலியப் பானை ஓடுகளை வைத்து காலம் கணித்தார். ரோமானியன் வந்தான், மீனவக் குப்பம் துறைமுகமானது என்ற சித்திரம் அதிலிருந்து வந்ததுதான். விமலா பெக்லி 1980-களில் இதை மறுபரிசீலனை செய்து, 1989 முதல் 1992 வரை அங்கேயே மறுபடியும் தோண்டினார். ரோமானியத் தொடர்புக்கு முன்பே அது இயங்கிக்கொண்டிருந்த ஊர் என்று காட்டினார். வெளிநாட்டுச் சரக்கு என்று நம்பிய ரௌலட்டட் பானையும் இந்தியத் தயாரிப்புதான் என்று இப்போது ஒப்புக்கொண்டாகிவிட்டது.

ஜீரோ ஏ.டி.யில் வணிகம் எப்படி நடக்கிறது? ஒரு சந்தையிலிருந்து இன்னொரு சந்தைக்கு வணிகன் நடப்பான். தூரம் அதிகமானால் லாபம் அதிகம். அவ்வளவுதான். சரக்கு என்ன, யார் செய்தது என்ற கேள்வியே கிடையாது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் வீலர் பக்கம் போய் நிற்போம், செல்வம் தூரத்திலிருந்துதான் வரும். அரிக்கமேட்டிலோ கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, துண்டு போட்டு மணி செய்து கிழக்காசியா வரை அனுப்பியிருக்கிறார்கள். இதை மாடில் சொல்ல முடியும். 'ரிசோர்ஸ் ட்ரிக்கிள்' என்று ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கட்டடத்தில் அதைச் சேர்த்தால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை வளம் சொட்டும். 'மணிப் பட்டறை' என்று ஒரு கட்டடம், பத்து வரி எக்ஸ்எம்எல். இந்த மாதிரி கேள்வி கேட்டால்தான் மாட் செய்வதற்கே ஓர் அர்த்தம் வரும்.

எல்லைக் கோடும் அப்படித்தான். விளையாட்டில் ஒவ்வொரு அரசுக்கும் ஒரு நிறம், அந்த நிறத்துக்குள்தான் பெரும்பாலும் கட்ட முடியும். வெளியே கட்டினால் கட்டடம் கைமாறிவிடும். ஆனால் தென்பெண்ணைக் கரையை எந்த நிறத்தில் தீட்டுவீர்கள்? கடலூருக்குப் பக்கத்தில் கடலில் சேரும் அதே ஆறு, மேலே திருக்கோவிலூரில் மலையமான்களின் ஆறு. அங்கே ஜம்பையில் 1981-இல் ஒரு கல்வெட்டு கண்டுபிடித்தார்கள். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், முன்னால் 'சதியபுதோ' என்ற அடைமொழி. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு எல்லைக்கு அப்பால் உள்ளவராகச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய புதிர் அதில்தான் அவிழ்ந்தது. ஆக அசோகர் எண்ணியது மூன்று பேரை இல்லை, நான்கு பேரை. 'மூவேந்தர் மாட்' என்று பெயர் வைத்த மறுநிமிஷமே அதியமானும் மலையமானும் காணாமல் போய்விடுகிறார்கள். கட்டடத்தின் 'பில்ட் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' பகுதியில் 'ஓன்' என்பதோடு 'நியூட்ரல்' என்றும் எழுதி, 'டெரிட்டரி டீகே'யை நிறுத்தி வைத்தால், யாருக்கும் சொந்தமில்லாத நிலத்திலும் துறைமுகமோ சந்தையோ நிற்கும். வேளிர் நாட்டைக் காட்ட அது பொருத்தமான தந்திரம்.

நாயகர்கள் விஷயத்தில் எல்லோரும் முதலில் எழுதுவது கரிகாலன். பொதுவாக அவனை வைப்பது கி.பி. 1, 2-ஆம் நூற்றாண்டில், விளையாட்டு முடிந்த பிறகு. காலத்துக்குள் அடங்குகிறவர்கள் வேண்டுமானால் பாண்டியருக்கு மாங்குளம் கல்வெட்டின் நெடுஞ்செழியன் இருக்கிறான். ஐராவதம் மகாதேவன் கணிப்பில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. சோழருக்கு எல்லாளன். மகாவம்சம் அவனை எதிரியாக வைத்தே எழுதினாலும், நேர்மையாக நீதி செய்தவன் என்றும் சொல்கிறது. நாயகன் பட்டியலில் எதிரி எழுதிய சாட்சியோடு வருகிறவன் அவன் ஒருவன்தான்.

பெயர் வைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் பொதுப் பெயரோடு அவனுடைய மொழிப் பெயரும் உண்டு. யூரோப்பா பார்பரோரம் போன்ற மாடுகள் பெயரெடுத்ததே இப்படி அந்தந்த மொழியில் பெயர் வைத்துத்தான். நம்ம ஆட்கள் சங்கப் பாட்டிலிருந்து 'மறவர்', 'மள்ளர்' என்று எடுப்பார்கள். பாட்டில் அவை வீரர்களைக் குறிக்கும் சொற்கள். இன்று அவை சாதிப் பெயர்களும்கூட. எந்த வீரனுக்கு எவ்வளவு உயிர், எவ்வளவு தாக்கும் வலு என்ற எண்ணைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உதவி கேட்ட இடம் சண்டைக்களமாகி, மாட் அதோடு நின்றுவிடும். ஆயுதத்தை வைத்துப் பெயர் வையுங்கள்: வேலோர், வில்லோர், வாளோர். சுத்தமான தமிழ், சண்டையும் இல்லை.

கப்பலுக்குப் பெயர் தேட வேண்டியதே இல்லை. பெரிப்ளூஸ் என்ற கிரேக்க மாலுமிக் குறிப்பு, கி.பி. 1-ஆம் நூற்றாண்டு, இந்தக் கரையின் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்றைச் சொல்கிறது. பொதுகேவைப் புதுச்சேரி அரிக்கமேட்டோடு பொருத்துவது வழக்கம். இங்கே ஓடிய மரங்களைப் பிணைத்த பெரிய கலங்களை 'சங்கரா' என்றும், கங்கைக்கும் கிழக்கே பொன் நாட்டுக்கும் போனவற்றை 'கொலாண்டியா' என்றும் குறிக்கிறது. விளையாட்டின் காலத்துக்குச் சற்றுப் பிந்தியதுதான், ஆனாலும் ஆயிரம் வருஷம் பிந்திய கப்பலுக்கு இது எவ்வளவோ மேல்.

வொண்டருக்கு என்ன வைப்பது என்று அந்தத் தம்பி திரும்பக் கேட்டார். கொள்ளிடத்தைத் தாண்டினால் பூம்புகார், பக்கத்தில் கீழையூர். 1960-களில் அங்கே செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை வெளிப்பட்டது. படகு கட்டும் மரக்கம்பங்களும் கிடைத்தன, அந்த மரத்தின் கரிமக் கணிப்பு கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டி வருகிறது. உயரம் கிடையாது, கம்பீரம் கிடையாது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் லைக் விழாது. ஆனால் அசோகர் தூண் நட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி இங்கே கட்டியது. அதன் அளவுகளைத் தொல்லியல் அறிக்கையிலிருந்து எடுத்துத் தரக்கூடியவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் வரும் வாசகர்களில் யாராவது இருந்தால் எழுதுங்கள். தில்லை மரத்தைப் பிளெண்டரில் செய்யத் தெரிந்தவர்களும் எழுதலாம், இலை, பட்டை போட்டோக்களை நான் பிச்சாவரத்தில் எடுத்து அனுப்புகிறேன்.