கள்வன் கதையும் கேட்போர் கண்ணும்: கொலைக்களக் காதையை முன்வைத்து

உண்மையில் நடந்த மோசடிகளையும் களவுகளையும் கூறும் நூல்களின் ஈர்ப்பு பெரும்பாலும் குற்றவாளியின் துணிவிலேயே தேடப்படுகிறது. படிப்போரைப் பிணிப்பது துணிவைவிட உத்தியே எனலாம். பூட்டு எவ்வாறு திறந்தது, எந்தச் சொல்லில் நம்பிக்கை பிறந்தது என்பதை அறிந்தவுடன், படிப்போர் தம்மையும் அத்தொழில் அறிந்தோராக எண்ணத் தொடங்குகின்றனர். இவ்வெண்ணம் தீங்கற்றதன்று. சிலப்பதிகாரம் இதனை நன்கு உணர்ந்திருந்தது.

கொலைக்களக் காதையில், அரசன் ஏவிய காவலர் பொற்கொல்லனோடு வந்து கோவலனை நேரிற் கண்டு, அவன் தோற்றம் கள்வனுடையதன்று எனச் சரியாகவே கணிக்கின்றனர். அதனை மறுக்கப் பொற்கொல்லன் சான்று எதுவும் காட்டுவதில்லை. உள்ளுக்குள் நகைத்துக் கதை சொல்கிறான். களவுக்குத் துணையாவன எட்டு என, மந்திரம் தொடங்கிக் கருவி ஈறாக அடுக்கி ஒவ்வொன்றையும் விளக்குகிறான். பின்னர் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறான். தூதன் வேடத்தில் வாயிலில் இருந்த ஒருவன், இருளில் பெண் கோலங்கொண்டு உட்புகுந்து, உறங்கும் இளவரசனின் ஆரத்தைக் கவர்கிறான். விழித்த இளவரசன் வாளை உருவ, கள்வன் உறையைக் கைப்பற்றி, ஒவ்வொரு வீச்சையும் அதனுள் வாங்கிக்கொள்கிறான். இறுதியில் தூண் ஒன்றைத் தானெனக் காட்டி மறைகிறான். இன்றைய களவுப் படம் எதிலும் இடம்பெறத்தக்க காட்சி இது. இளங்கோவடிகளும் இதனைச் சுவைத்தே பாடியிருக்கிறார்.

கேட்டோருள் ஓர் இளைஞன் உடனே தன் கதையைத் தொடங்குவதே இக்காதையின் நுட்பம். மழைக்கால நள்ளிரவொன்றில் நீல உடையும் உளியுமாக வந்த கள்வன் தன் வாளையே பறித்துச் சென்றதை அவன் கூறுகிறான். ஒரு கதை மற்றொன்றை ஈன்றுவிட்டது. எதிரே இருந்த மனிதனை இப்போது எவரும் காணவில்லை. அவனது குற்றமற்ற தோற்றமே தேர்ந்த கள்வனின் வேடமாகிவிடுகிறது. மதுமயக்கில் இருந்த அறிவிலி ஒருவன் வாளை வீசுகிறான். பழி அவனோடு முடிவதன்று. கதையை வியந்து கேட்ட காவலர்க்கும் அதில் பங்குண்டு. அதன்பின் காப்பியம் பொற்கொல்லனின் திறத்தைப் பேசுவதில்லை. கண்ணகியின் பின்னே செல்கிறது.

அண்மைக்காலத் தமிழ்ப் படைப்புகள் அவ்வளவு தொலைவு செல்வதில்லை. வினோத் இயக்கிய ‘சதுரங்க வேட்டை’ (2014) மண்ணுளிப் பாம்பு, கோபுரக் கலசம் என நாளிதழ்கள் அறிந்த மோசடிகளை உத்தி உத்தியாக விரிக்கும் திறமான படம். எனினும் ஏமாந்தோர் அதில் பெரும்பாலும் பேராசையின் உருவங்களாகவே வந்து போகின்றனர். 2012இல் பெருந்துறைப் பகுதியின் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தபோது முதலிழந்த உழவர்களை அவ்வாறு சுருக்க இயலாது. அவர்களுக்குத் தரப்பட்டவை குஞ்சு, கொட்டகை, தீவனம் ஆகிய கண்ணாற் காணத்தக்க பொருள்கள். அவர்களைக் குறித்து எழுதப் புகுவோர்க்கு உத்தியின் விளக்கம் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும். கொட்டகையில் தீவனமின்றி நின்ற பறவைகளும், அவற்றை விற்கவும் கைவிடவும் இயலாது தவித்த குடும்பங்களும் அதற்குப் பிறகே தொடங்கும் கதை.