ஹெலிகாப்டரை வீழ்த்தியது யார்?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் மன்றத்தில் மாணவர்களுக்காக ஒரு பழைய ஆங்கிலத் திரைப்படத்தைத் திரையிட்டோம். 1974-ஆம் ஆண்டில் வெளியான 'தி டவரிங் இன்ஃபெர்னோ' என்பது அதன் பெயர். வானளாவிய கட்டடம் ஒன்று தீப்பற்றி எரிகிறது. மேல்தளத்தில் விருந்துக்கு வந்தவர்கள் சிக்கிக் கொள்கிறார்கள். அவர்களை மீட்கக் கூரையில் ஒரு ஹெலிகாப்டர் இறங்க முயல்கிறது. பலத்த காற்று வீசுகிறது. அப்போது இரு பெண்கள் அதை நோக்கி ஓடுகிறார்கள். அவர்கள்மேல் மோதாமல் விலக விமானி முயல்கிறார். ஹெலிகாப்டர் நிலைகுலைந்து விழுந்து தீப்பிடிக்கிறது.

படம் முடிந்ததும், "அந்த ஹெலிகாப்டரை வீழ்த்தியது யார்?" என்று மாணவர்களைக் கேட்டேன். பெரும்பாலோர் காற்று என்றனர். சிலர் விமானி என்றனர். ஒரு மாணவர் மட்டும் எழுந்து, "ஓடாமல் வேறென்ன சார் செய்வார்கள்? காப்பாற்ற வந்த வண்டி. ஓடிப்போய் ஏறத்தானே வேண்டும்?" என்றார். வகுப்பே ஆமோதித்தது. இருபது வயது இளைஞர்கள், அதுவும் இயற்பியல் படிப்பவர்கள், இப்படி நினைப்பார்களானால் குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. அவர்கள் பார்க்கும் படங்களுடையதுந்தான். எனவே இந்தப் படத்தை ஒரு இயற்பியல் ஆசிரியரின் கண்கொண்டு சற்றுப் பார்ப்போம்.

படத்தின் தகுதி

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். இரண்டு நாவல்களை இணைத்து உருவாக்கப்பட்ட கதை இது. இர்வின் ஆலன் தயாரிக்க, ஜான் கில்லர்மின் இயக்கினார். சான் பிரான்சிஸ்கோ நகரில் 138 மாடிக் கட்டடம் ஒன்றைக் கற்பனை செய்கிறார்கள். செலவை மிச்சப்படுத்தத் தரக்குறைவான மின்கம்பிகளைப் பொருத்தியதால் தீ மூளுகிறது. கட்டடக் கலைஞராக பால் நியூமனும், தீயணைப்புத் தலைவராக ஸ்டீவ் மெக்வீனும் நடித்துள்ளனர். படத்தை உலகெங்குமுள்ள தீயணைப்பு வீரர்களுக்கே காணிக்கையாக்கியிருக்கிறார்கள். உயரமான கட்டடம் கட்டுவோர் தீயை மறந்துவிடக் கூடாது என்ற கருத்தை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன படங்கள் குறைவு.

ஹெலிகாப்டர் விழும் காட்சியும் அடிப்படையில் உண்மையானதே. வெற்றியாகவே காட்டியிருக்கலாம், தோல்வியாகக் காட்டியது துணிவு. ஆனால் ஏன் விழுந்தது என்பதை விளக்காமல் படம் அடுத்த பரபரப்புக்குத் தாவிவிடுகிறது. பார்ப்பவர் மனத்தில் தீப்பிழம்பு தங்குகிறது, பாடம் தங்குவதில்லை.

தலைக்கு மேல் ஒரு புயல்

ஹெலிகாப்டர் எப்படி வானில் நிற்கிறது? சுழலி காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. காற்று சுழலியை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். தள்ளப்படும் காற்றின் வேகத்தை நாமே கணக்கிடலாம். ஹெலிகாப்டரின் எடையை, காற்றின் அடர்த்தி, சுழலியின் வட்டப் பரப்பு ஆகியவற்றின் பெருக்கலைப்போல் இருமடங்கால் வகுத்து வர்க்கமூலம் காண வேண்டும்.

'ஹ்யூயி' எனப்படும் பெல் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையுடன் அதன் நிறை சுமார் 4,300 கிலோகிராம். சுழலியின் விட்டம் 14.6 மீட்டர். கணக்கைப் போட்டால் சுழலியின் தளத்தில் காற்றின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்று வரும். கீழிறங்கும் காற்றுத்தூண் குறுகக் குறுக அது ஏறத்தாழ இருமடங்காகிறது. அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். இந்தக் காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறி ஓடுகிறது.

விநாடிக்கு 20 மீட்டர் வேகமுள்ள காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 240 நியூட்டன் அழுத்தம் தரும். நிமிர்ந்து நிற்கும் ஆளை அது சுமார் 15 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ளும். இரண்டு சதுர மீட்டர் தகரத் தகட்டை எண்ணிப் பாருங்கள். அதன் எடை எட்டு, பத்துக் கிலோதான். அதன்மேல் நேராக மோதும் காற்றின் விசையோ ஐம்பது கிலோ எடைக்குச் சமம். தகடு பறக்காமல் என்ன செய்யும்? பறப்பது தகடாக இருந்தால் அருகில் நிற்பவருக்கு ஆபத்து. போர்வையோ, பிளாஸ்டிக் விரிப்போ, சேலைத் தலைப்போ சுழலியில் சிக்கினால் ஹெலிகாப்டருக்கே ஆபத்து. அதனால்தான் பயிற்சி பெற்ற மீட்புக் குழுவினர் முதலில் இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்கிறார்கள். தொப்பியைக் கழற்றிவிடுகிறார்கள் அல்லது வாரால் இறுகக் கட்டிக்கொள்கிறார்கள்.

படத்தில் வரும் கூரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தரைக்கு அருகில் மிதக்கும்போது, கீழே தள்ளப்பட்ட காற்று தடைப்படுவதால் ஹெலிகாப்டருக்குத் தாங்குதல் சற்றுக் கூடுகிறது. கூரை விளிம்பைக் கடக்கும்போது சுழலியின் ஒரு பாதிக்குக் கீழே கூரை. மறுபாதிக்குக் கீழே வெறும் பள்ளம். தாங்குதல் சமமாக இராது. போதாக்குறைக்குக் கீழே தீ. காற்றின் வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறினால் அடர்த்தி ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது. இறக்கையின் சாய்வும் சுழற்சியும் மாறாதிருந்தால் தூக்கு விசையும் அதே அளவு குறையும். 4,300 கிலோவில் இது 600 கிலோ. எட்டுப் பேரின் எடை! இத்தனையையும் சமாளித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கும் விமானியின் முன்னேதான் அந்த இருவரும் ஓடுகிறார்கள். விமானிக்கு விலகக் கையிருப்பு விசை இல்லை, இடமும் இல்லை. ஆகவே என் மாணவர்களுக்கு நான் சொன்ன விடை இது: காற்று ஹெலிகாப்டரை விளிம்பில் நிறுத்தியது, ஓட்டம் அதைத் தள்ளிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத கத்தி

ஓடக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய காரணம் ஒன்றும் உண்டு. அதைப் படம் தொடவேயில்லை. பெரிய சுழலி ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் சுழல முயலும். அதைத் தடுக்கவே வாலில் சிறு சுழலி வைத்திருக்கிறார்கள். ஹ்யூயியின் வால் சுழலி நிமிடத்துக்கு சுமார் 1,650 முறை சுற்றுகிறது. விநாடிக்கு 27 சுற்றுக்கு மேல்! ஓடும் மின்விசிறியின் இறக்கைகள் கண்ணுக்கு மறைந்துபோவது போல இதுவும் மறைந்துவிடுகிறது. பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் அது ஆள் உயரத்திலேயே இருக்கிறது. பின்பக்கம் என்ன நடக்கிறது என்பது விமானிக்குத் தெரியாது. புழுதியிலும் இரைச்சலிலும் பதற்றத்துடன் பின்பக்கமாகச் சுற்றி வருபவருக்கு எச்சரிக்கையே கிடைப்பதில்லை.

மேலே உள்ள பெரிய சுழலியும் எப்போதும் ஒரே உயரத்தில் இராது. முழு வேகத்தில் சுழலும்போது மையவிலக்கு விளைவால் இறக்கைகள் விறைப்பாக நிற்கும். வேகம் குறையும்போது முனைகள் தொய்ந்து தாழும். ஒரு பலத்த காற்று வீசினால் மேலும் தாழும். சரிவான நிலத்தில் இறங்கியிருந்தால் மேட்டுப் பக்கத்தில் இறக்கைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஆள் உயரத்துக்கும் குறையலாம். ஆகவே எப்போதும் பள்ளத்துப் பக்கமாகவே அணுக வேண்டும், விலகவும் வேண்டும்.

தொங்கும் மின்தூக்கி

படத்தில் மிகவும் கைதட்டல் பெற்றது மற்றொரு காட்சி. கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஓடும் கண்ணாடி மின்தூக்கி, ஆட்களுடன் பாதி வழியில் தடம் விலகித் தொங்குகிறது. ஹெலிகாப்டரிலிருந்து வடம் இறக்கி, மின்தூக்கியையே தூக்கித் தரையில் சேர்க்கிறார்கள். இங்கேதான் படம் இயற்பியலைக் கைவிடுகிறது என்பது என் கருத்து.

சுழலி சுவரில் இடித்துவிடக் கூடாது. எனவே ஹெலிகாப்டர் சுவரிலிருந்து குறைந்தது பத்து மீட்டராவது தள்ளி நிற்கிறது என்று கொள்வோம். வடத்தின் நீளம் 30 மீட்டர் என்போம். சுவரை ஒட்டியுள்ள பாரத்தைப் பிடிக்க வடம் சாய்ந்துதான் இருக்கும். பிடி விட்டவுடன் அந்தப் பாரம் பெரிய ஊசலாகிவிடும். நடுப்புள்ளியைக் கடக்கும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். மறுபக்கம் பத்து மீட்டர் போய், மறுபடி சுவரை நோக்கித் திரும்பும். ஒரு முழு அலைவுக்கு 11 விநாடி. உள்ளே மனிதர்கள்! பாரம் ஆடும்போது ஹெலிகாப்டரையும் சேர்த்து இழுக்கும். தனக்கு நேர் கீழே நடப்பதை விமானி சரிவரப் பார்க்க முடியாது. பார்த்துச் சொல்ல ஒருவர் தேவை.

ஜார்க்கண்டில் தேவ்கருக்கு அருகிலுள்ள திரிகூட மலையில் 2022 ஏப்ரலில் கம்பிவட ஊர்தி விபத்து நேர்ந்தபோது நம் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பலரை மீட்டன. தொங்கும் பெட்டிகளை யாரும் தூக்கிச் செல்லவில்லை. வீரர்கள் வடத்தில் இறங்கி ஒவ்வொருவராக எடுத்தனர். அப்படியும் மீட்பின்போதே இருவர் விழுந்து உயிரிழந்தனர். உண்மை இவ்வளவு கடினமானது.

வடத்தைப் பற்றி மேலும் ஒரு செய்தி. பறக்கும் ஹெலிகாப்டர் தூசியோடும் பனித்துகளோடும் உராய்ந்து நிலைமின்னூட்டம் பெறுகிறது. அதன் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட்டை எட்டலாம். மின்தேக்குத் திறன் 1,000 பிக்கோஃபாரட், மின்னழுத்தம் 50,000 வோல்ட் என்று கொண்டால் ஆற்றல் ஒன்றேகால் ஜூல். உயிரைக் கொல்லாவிட்டாலும், கூரை விளிம்பில் நிற்பவரைத் தடுமாறி விழச்செய்ய அந்த அதிர்ச்சி போதும். எரிபொருள் ஆவியைப் பற்றவைக்கவும் போதும். ஆகவே கொக்கி முதலில் தரையையோ நீரையோ தொட்டு மின்னூட்டம் இறங்கிய பிறகே மனிதக் கை தொட வேண்டும். வடத்தை எந்த நிலையான பொருளிலும் கட்டிவிடக் கூடாது. கட்டினால் ஹெலிகாப்டரையே கட்டிப்போட்டதாகும்.

உண்மை நிகழ்ச்சிகள் சொல்வது

பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில் 1972 பிப்ரவரியில் ஆண்ட்ராஸ் கட்டடம் எரிந்தது. கூரையில் ஹெலிகாப்டர் இறங்குதளம் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் வான்வழியே மீட்கப்பட்டனர். 1974 பிப்ரவரி 1 அன்று அதே நகரில் ஜோயல்மா கட்டடம் எரிந்தது. ஹெலிகாப்டர் வரும் என்று பலர் கூரைக்கு ஏறினர். அங்கே இறங்குதளம் இல்லை. புகையும் வெப்பமும் சூழ்ந்ததால் தீ தணியும்வரை ஹெலிகாப்டர்களால் இறங்க முடியவில்லை. அந்த விபத்தில் 170-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹெலிகாப்டர் அதே ஹெலிகாப்டர்தான்; கீழே காத்திருந்த இடம் வேறு.

திரைப்பட உலகமே இப்பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. 1982 ஜூலையில் அமெரிக்காவில் 'ட்விலைட் ஸோன்' படப்பிடிப்பின்போது தாழப் பறந்த ஹெலிகாப்டரின் வால் சுழலி, தரையில் வைத்த வெடிகளால் சேதமுற்றது. ஹெலிகாப்டர் விழுந்ததில் நடிகர் விக் மாரோவும் இரு குழந்தைகளும் உயிரிழந்தனர். மூவரும் தரையில் இருந்தவர்கள். ஹெலிகாப்டருக்குள் இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டனர். ஹெலிகாப்டர் பாதுகாப்பு என்பது மேலே இருப்பவரின் விவகாரம் என்று நினைப்போருக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

படத்தில் இல்லாத வீரர்

தீயணைப்பு வீரர்களுக்குக் காணிக்கையான இப்படத்தின் பெருங்குறை எது? தரையில் நிற்கும் ஓர் ஆளின் வேலையை அது நம் மனத்தில் பதிய வைக்கவில்லை. அவர் தீயில் பாய்வதில்லை, வடத்தில் தொங்குவதில்லை. இடத்தைச் சுத்தம் செய்கிறார். மின்கம்பிகள் எங்கே என்று முன்கூட்டியே சொல்கிறார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டுகிறார். இரவானால் விமானியின் கண்ணில் விளக்கொளி படாமல் பார்த்துக்கொள்கிறார். விமானி சைகை காட்டும்வரை அத்தனை பேரையும் ஓரமாக உட்கார வைத்திருக்கிறார். பிறகு, விமானியின் பார்வையில் படும்படி, முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ, குனிந்து நடத்தி அழைத்துச் செல்கிறார். நீண்ட பொருள்களைத் தோளில் நிமிர்த்தாமல் இடுப்புக்குக் கீழே கிடைமட்டமாகப் பிடிக்கச் சொல்கிறார். அப்படி ஒருவர் அந்தக் கூரையில் அதிகாரத்தோடு நின்றிருந்தால் அந்த இரு பெண்களும் ஓடியிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் வெள்ளக் காலங்களில் ஹெலிகாப்டர்கள் வருவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். நாளை உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்திலும் ஒன்று இறங்கலாம். அன்று கூட்டம் முழுவதும் ஓட எழும். நீங்கள் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரின் கையையும் பிடித்து உட்கார வையுங்கள். "ஓடாமல் வேறென்ன செய்வார்கள்?" என்று கேட்ட மாணவருக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்.