‘சும்மா’ என்றொரு சொல்

மூன்றே எழுத்து. “சும்மா வந்தேன்” என்றால் காரணமின்றி. “சும்மா கொடுத்தான்” என்றால் விலையின்றி. “சும்மா சொன்னேன்” என்றால் உண்மையின்றி. “சும்மா சும்மா அழைக்கிறான்” என்றாலோ ஓய்வின்றி! இத்துணைப் பொருளையும் சுமந்து எளிய மக்களுக்கு ஏவல் செய்த இச்சொல்லைத்தான் சமயத்தார் அழைத்துச் சென்று அரியணை ஏற்றினர். சும்மா இருத்தலே சுகம் என்றனர். முத்திக்கு வழியும் அதுவே என்றனர்.

கண்டிக்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டினரான தாயுமானவர் சும்மா இருத்தலைப் பாடியபோது திண்ணைத் தூக்கத்தைப் பாடவில்லை. அலையும் மனத்தை அடக்குதலையே கருதினார். அரிய செயல்கள் பலவற்றினும் அது அரிது என்றார். அந்த அமைதியில் தரகனுக்கும் தட்சணைக்கும் வேலையில்லை. ஐரோப்பாவிலும் இதுபோன்ற குரல் எழுந்தது. ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் மோலினோஸ், உள்ளம் ஓய்ந்து இறைவன்முன் அமைந்திருத்தலை வலியுறுத்தி 1675-இல் நூல் எழுதினார். 1687-இல் போப் பதினொன்றாம் இன்னசென்ட் அவருடைய 68 கூற்றுகளைக் கண்டித்தார். 1696-இல் மோலினோஸ் சிறையிலேயே மாண்டார். சும்மா இருப்பவனுக்குச் சடங்கு தேவையில்லை என்றால், பீடம் சும்மா இருக்குமா?

ஆனால் நம் நாட்டில் நடந்ததென்ன? ஞானி தன் மனத்துக்கு இட்ட கட்டளை, ஆதிக்கக்காரன் பிறர் வாய்க்கு இட்ட பூட்டாயிற்று! கூலி உயர்வு கேட்டவனிடம், “சும்மா இரு, ஆண்டவன் பார்த்துக்கொள்வான்” என்றனர். தெருவில் நடக்க உரிமை கேட்டவனிடம், “சும்மா இரு, முற்பிறப்பின் வினை” என்றனர். மறுமணம் கேட்ட கைம்பெண்ணிடம், “சும்மா இரு, தலையெழுத்து” என்றனர். கேட்டவர் ஒவ்வொருவருக்கும் அதே மூன்றெழுத்து!

இன்னொரு விந்தையும் காண்பீர். மடத்தில் அமர்ந்து உண்பவர் சும்மா இருந்தால், அது தவம். விடியுமுன் எழுந்து நள்ளிரவுவரை அடுப்போடும் குழந்தையோடும் போராடும் பெண்ணைப் பற்றி வினவினால், “வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்” என்கிறான் கணவன். உழைக்காதவனை உயர்த்திய சொல், உழைப்பவளின் உழைப்பை மறைக்கிறது!

சும்மா இராதவர்களால்தான் நாம் நிமிர்ந்தோம். 1924-இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் வாளாவிருந்திருப்பின், 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்திருக்குமா?

ஊருக்கு உரைக்கும் நானும் குற்றவாளியே. திருக்குறளின் 38-ஆம் அதிகாரமாகிய ஊழ் குறித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “ஊழே வலியது என்றால் நான் எதற்கு ஐயா படிக்க வேண்டும்?” என்றாள் ஒரு மாணவி. மணி அடிக்க இரண்டே நிமிடம். “சும்மா இரு” என்றேன். அமர்ந்துவிட்டாள். அன்றிரவு உறக்கம் வரவில்லை. 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில், தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என வள்ளுவரே விடை வைத்திருக்கிறார். விடை நூலில் இருந்தது; பூட்டு என் வாயிலிருந்து வந்தது!

மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பினேன். “நேற்றைய வினாவை மீண்டும் கேளம்மா” என்றேன். அவள் தயங்கினாள். தோழர்களே, ஒரே ஒரு ‘சும்மா’ செய்த வேலை அந்தத் தயக்கம். நூற்றாண்டுக் கணக்கில் அதைக் கேட்டவர்களின் தயக்கத்தைப் போக்க நாம் எத்தனை முறை “கேள், கேள்” என்று சொல்லவேண்டும்!